எருமை கைமாறிய பிறகு

தைலேக் மலையில் எங்கள் பால் கூட்டுறவில்
பதிவேடு எழுதுகிறவள் நான்.
பெயர், லிட்டர், கொழுப்பு, ரூபாய்.
நான்கு கட்டம். ஐந்தாவதை யாரும் வரையவில்லை,
வரையாமலே நிரப்பி வந்தோம்.

தாரி என் மாமனார் டீக்காராம் உப்ரேதியின் எருமை.
நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
கறக்கும்போது வாலால் அடிப்பாள், என்னை மட்டும்.
தசைன் செலவுக்கு அவளைக் கன்றோடு விற்றார்
கீழ்ச்சரிவில் கொல்லர் வீட்டுப் பவிசராவுக்கு.
பவிசரா விஸ்வகர்மா எண்ணிக் கொடுத்த நோட்டுகளில்
பொன் தொட்ட நீரைத் தெளித்து
இடுப்பில் செருகிக்கொண்டார்.
எருமை தன் பாட்டுக்கு இறங்கிப் போனது.

மறுநாள் காலை
அதே மடியின் பால்
பவிசராவின் தூக்கில் ஏறி வந்தது.
"கொழுப்பு போதாது" என்றார்கள் சமிதிக்காரர்கள்,
அளக்காமலே.
அளக்கும் கண்ணாடிக் குழாய் பலகையில் காய்ந்துகொண்டிருந்தது.
அதற்கு மேலே சுவரில்
தீண்டாமை குற்றம் என்கிற அரசாங்கக் காகிதம்.
நேற்றுவரை ஆறரை என்று எழுதிய கையால்
நான் ஒன்றும் எழுதவில்லை.
அவள் தூக்கை மூடினாள். மூடி பொருந்தவில்லை.
நாலைந்து முறை அழுத்தினாள்.

ஒன்பது மாதம்.
தினமும் கொண்டுவந்தாள், தினமும் கொண்டுபோனாள்.
கெஞ்சியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாவன் மழையில் மேட்டுப் பாதை சரிந்தது.
ஏழு வீட்டுப் பால் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
சுர்கேத்திலிருந்து வண்டி ஓட்டிவரும் ஃபூல்ராம் சௌதரி சொன்னான்:
"நூறு லிட்டர் தேறாவிட்டால் டீசலுக்குக் கட்டாது.
நாளை வரமாட்டேன்."
சமிதி கூடியது.
மனம் மாறவில்லை, கணக்கு மாறியது.
"இன்று மட்டும்" என்றார் மாமனார்.
தனிக் கேன். அதன் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல்.

ஃபூல்ராம் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"என்ன இது, பாலுக்குக் காப்பா?"
நாங்கள் வாய் திறப்பதற்குள்
டாங்கியில் கவிழ்த்துவிட்டான்,
எங்கள் பாலின் மேலேயே.
சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் நுரை.
பிரித்துக் கொடு என்று கேட்க முடியாத இடத்துக்குப்
போய்விட்டது பால்.

மடியில் ரத்தம் வரும் என்றார்கள்.
விடியலில் விளக்கோடு தொழுவம் தொழுவமாகப் போனோம்.
வெள்ளையாகத்தான் வந்தது.
சிலருக்கு அது ஏமாற்றம்.

"இன்று மட்டும்" இன்னும் முடியவில்லை.
நூலைப் பூனைக்குட்டி இழுத்துப்போனது.
பவிசரா நன்றி சொல்லவில்லை,
கணக்குக் கேட்டாள்:
"ஒன்பது மாதம், நாளுக்கு மூன்று லிட்டர், கொழுப்பு ஆறரை.
கொட்டிவிடவில்லை, பிள்ளைகள் குடித்தார்கள்.
ஆனாலும் வாங்கியிருக்க வேண்டியது நீங்கள்."
சமிதி சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை.
மாமனார் என்னைப் பார்த்தார்,
எழுதாதே என்பதற்கு அவருக்கு ஒரு பார்வை உண்டு.
அளவுகோலை எடுத்து ஐந்தாவது கட்டத்தை வரைந்தேன்.
தலையில் எழுதினேன்: நிலுவை.
கீழே முதல் பெயர் அவளுடையது.
அன்றிரவு வீட்டில் எனக்கு யாரும் சோறு போடவில்லை,
நானே போட்டுக்கொண்டேன்.

என்னைப் பெரியவளாக எண்ண வேண்டாம்.
பால் கலந்து நாற்பது நாளாகியும்
பவிசராவுக்குத் தேநீரை வாசல் கல்லில்தான் வைத்துவந்தேன்.
வைத்துவிட்டுக் கையை எடுக்கிற வேகம்
எனக்கே தெரியும்.

நேற்றுக் கையில் நீட்டினேன்.
அவள் கிளாஸைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"கல்லிலேயே வை, சூடாக இருக்கிறது" என்றாள்.
சூடாகத்தான் இருந்தது.
வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.