என்றால் சரியல்ல

கிருஷ்ணகிரி மகளிர் கோர்ட்டில்
என் விரல்களுக்கு மட்டும்தான் சம்பளம்.
நீதிபதி அம்மா சொல்வார், அடிப்பேன்.

அவளுக்குப் பெயர் இல்லை, சட்டப்படி.
அ.சா.1.
அவனுக்கு எங்கள் கோப்பில் எதிரி என்று பெயர்.
நிரூபணமாகும்வரை நிரபராதி,
ஆனால் முதல் நாளிலிருந்தே எதிரி.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இதற்குச் சிரித்திருக்கிறேன்.

ஆனி மாதம். மாங்கூழ் ஆலை. நைட் ஷிப்ட்.
சான்றுப் பொருள் ஒன்று: மஞ்சள் கறையுடன் ஒரு சுடிதார்.
ஆய்வக அறிக்கை: மாம்பழக் கூழ்.
வேறெதுவும் கண்டறியப்படவில்லை.
ஒன்பது நாள் கழித்துப் பார்த்த டாக்டரம்மா:
புதிய காயங்கள் இல்லை.

வக்கீல் கோவர்த்தனன் குரல் உயர்த்தாதவர்.
ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும்
"தப்பா நினைக்காதம்மா."
சத்தம் போட்டாயா?
போட்டேன். மிஷின் ஓடிட்டிருந்துச்சு.
அவர் ஆலையின் பதிவேட்டைப் பிரிக்கிறார்.
அன்றிரவு ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை
கரண்ட் இல்லை.
அப்போ ஜெனரேட்டர் சத்தம்.
ஜெனரேட்டர் என்று போலீசில் சொன்னாயா?
சொல்லவில்லை.

சம்பள பாக்கிக்காகப் பொய் வழக்கு போட்டேன் என்றால் சரியல்ல.
நானாகவே குடோனுக்குப் போனேன் என்றால் சரியல்ல.
அவர் சொன்னதையெல்லாம்
அவள் சொன்னதாகத்தான் அடிக்க வேண்டும்.
முழு வாக்கியமும் அவளுக்கு எதிராக ஓடி
கடைசி ஒரு சொல்லில் திரும்பி நிற்கும்.
அந்தச் சொல்லை அடிக்கும்போது மட்டும்
விசையைக் கொஞ்சம் அழுத்துவேன்.
தாளில் அது தெரியாது.

பிறகு அந்த இடம் வந்தது.
ஸ்டேஷனில் எழுதியவர் சேலத்துக்காரர்.
காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தார்:
"ஒத்து, ஒத்து என்று சொன்னேன்."
கோவர்த்தனன் மெதுவாகப் படித்தார், இரண்டு தடவை.
ஒத்து. அதாவது, ஒத்துக்கொண்டு.

வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு அது.
வேண்டாம் என்று அர்த்தம்.
தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே தகரம்.
காலையில்தான் என் பிள்ளை
உப்புமா தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்,
ஒத்து.
எனக்குத் தெரியும்.
ஆனால் டைப்பிஸ்டுக்குக் கூண்டு கிடையாது.
டவாலி மாதையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அரசு வக்கீல் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நீதிபதி அம்மா தூத்துக்குடி.
அந்தச் சொல்லுக்கு என்னம்மா அர்த்தம்?
அவள் யோசித்தாள்.
ஒத்துன்னா... ஒத்துதான்மா.
கை தானாக முன்னால் வந்தது,
விரல்கள் விரிந்து, யாரையோ தள்ளுவதுபோல்.
மின்விசிறி சுற்றுகிறது. நான் காத்திருக்கிறேன்.
"சாட்சி உள்ளங்கையை
வெளிப்புறமாகக் காட்டுகிறார்."
அடித்தேன்.

சந்தேகத்தை நான் வெறுப்பவள் இல்லை.
போன வருடம் ஊத்தங்கரைப் பையன் ஒருவன்,
பதினான்கு மாதம் உள்ளே இருந்தவன்,
பெங்களூர் பஸ் டிக்கெட் ஒன்றால் வெளியே வந்தான்.
'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து'
என்று அடித்ததும் நான்தான்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

எதிரியின் மனைவி கடைசி பெஞ்சில்
குழந்தைக்கு பிஸ்கட்டை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.
அவளையும் பார்த்தேன். யாரும் கேட்காததால்
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

தீர்ப்பு பதினேழாம் தேதி.
என் கம்ப்யூட்டரில் இரண்டு கடைசிப் பத்திகள்
எப்போதும் தயாராக இருக்கும்.
எதைத் திறக்கச் சொல்வார் என்று தெரியாது.
அந்த ஜெனரேட்டர் ஓடியதா என்றும்
எனக்குத் தெரியாது.

படி வாங்கக் கையெழுத்துப் போட்டவள்,
பஸ்ஸுக்குச் சில்லறையை எண்ணிவிட்டு
வாசலில் என்னிடம் கேட்டாள்:
மள்ளீ எப்புடு ராவாலக்கா?
ராவொத்தம்மா என்றேன்.

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.
அர்த்தம் கேட்கவில்லை.