விரிப்பின் மற்ற நுனி

வூப்பர்டால், ஓபர்பார்மன்.
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
சூட்டு உருளைக்குள்ளிருந்து விரிப்பு வரும்.
இரண்டு நுனி அவளிடம், இரண்டு நுனி என்னிடம்.
நடந்து வந்து தருவாள், குனிந்து மடிப்பை எடுப்பேன்,
மறுபடி விலகுவோம்.
மணிக்கு நூற்றிருபது.

நளாயினியாய்ப் பிறந்து
ரூர் ஆற்றில் எப்சிபாவாய் முழுகி எழுந்தவள்.
"ரெண்டு பேர் மடிச்சுக்கொண்டு நிப்பினம்," என்பாள்.
"ஒராள் போயிடுவா.
மற்றவ நுனியோட நிப்பா."

நான் கத்தோலிக்கம்.
திரும்ப வருவார், தீர்ப்பிடுவார்,
அந்த மட்டும்தான் எங்களுக்கு.
எந்த நாள், எந்த வழி என்று
சுவாமியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அவளுடைய பாஸ்டரின் சுவரில் ஒரு படம்,
ரயில் அட்டவணை போல:
முதலில் இரகசிய வருகை,
அடுத்து ஏழு வருட உபத்திரவம்,
கடைசியில் ஆயிர வருட அரசாட்சி.
லூசர்னில் அவள் தமக்கைக்கு வேறு சபை.
உபத்திரவம் முடிந்தபிறகுதான் எடுப்பு என்பாள் அவள்.
ஒரு முன்னுக்கும் ஒரு பின்னுக்கும் நடுவில்
இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை;
தாயின் செத்தவீட்டுக்கும் தனித்தனி வானில் போனார்கள்.

மேற்பார்வைக்காரி ஃப்ராவ் தீலே லூத்தரன்.
ஆயிரம் என்றால் ஆயிரமில்லை,
நிறைய என்று எடுக்கவேணும் என்பாள்.
சொல்லிவிட்டு எங்கள் விரிப்புகளை
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணுவாள்.

முன்னா பின்னா என்று அவர்கள் தொடங்கும்போதெல்லாம்
என் காலுக்குக் கீழே வட்டுவாகல் பாலம் வரும்.
அன்று நானும்தான் அண்ணாந்து பார்த்தேன்.
வேவு விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.
யாரும் எங்களை எடுத்துக்கொள்ளவில்லை.
நாங்கள்தான் எடுத்துக்கொண்டு நடந்தோம்:
கைப்பிள்ளையையும் தண்ணீர்க் கானையும்,
பிறகு தண்ணீர்க் கானை மட்டும்.

இது எப்சிபாவுக்குத் தெரியாது.

மாசியில் ஓர் இரவு, மூன்று மணி.
கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால்
உருளை ஓடிக்கொண்டிருக்கிறது.
விரிப்புகள் வந்து வந்து
பிடிக்க ஆளில்லாமல் தரையில் குவிகின்றன.
கதிரையில் அவளுடைய நீல மேலங்கி.
கீழே சப்பாத்து, இரண்டும் சோடியாக, நேராக.

எப்சிபா என்று கூப்பிட்டேன்.
பிறகு நளாயினி என்று.
நீராவி மட்டும் சீறியது.

நம்பாத ஒன்றுக்கு இவ்வளவு பயப்படலாமா ஒருத்தி?
கண்ணாடி அறைக்குள் ஃப்ராவ் தீலே
பாண் தின்றுகொண்டிருந்தாள்.
அவள் இருக்கிறாளே என்று ஆறுதல் வரவில்லை,
அவளும் நானும் ஒரே பக்கம் என்றுதான் பட்டது.

அதற்குப் பிறகு வந்தது பயமில்லை.
மரித்தவர்கள்தான் முதலில் எழும்புவினம் என்று
அவள் ஒருநாள் சொன்னது வந்தது.
அப்படியென்றால் இந்நேரம் அவள் அவனைக் கண்டிருப்பாள்,
கண்டும் யாரென்று அறியாமல் கடந்திருப்பாள்.
சொல்லி அனுப்பியிருக்கலாம்.
பெயரையாவது.
இடது காதுக்குப் பின்னால்
மிளகளவு மச்சம் என்றாவது.

பின்கதவு திறந்தது.
வடிகால் அடைத்துவிட்டதாம்.
முழங்கால் வரை றப்பர் பூட்ஸ்,
இரண்டு கையிலும் ஈரப் பஞ்சு, நூல், யாரோ நோயாளியின் மயிர்.
"என்னடி, பேய் கண்டமாதிரி?
இதுகளை ஏன் விழவிட்டனீ?"

உருளையை நிறுத்தினாள். கை கழுவினாள்.
"பிடி நுனியை" என்றாள்.
பிடித்தேன்.
"இடது காதுக்குப் பின்னால்" என்று தொடங்கினேன்.
யாருடைய காது என்று அவள் கேட்கவில்லை.
நடந்து வந்தவள் தன் நுனிகளைத் தரவுமில்லை,
விலகவுமில்லை.

ஐந்து மணிக்குப் பிறகு
தொங்குரயிலின் முதல் வண்டி
ஆற்றுக்கு மேலே வெளிச்சத்தோடு போயிற்று.
தரையில் விழுந்ததெல்லாம் திரும்ப வெளுக்கவேண்டும்.
ஃப்ராவ் தீலே எண்ணினாள்:
நாற்பத்தொன்று.