டெல்ஃபினா உர்கியேத்தாவின் மூன்று சுருள்கள்

டப்பாவைத் திறந்ததும் கற்பூர வாசனை.
சாமி இல்லை, தட்டு இல்லை.
வால்பரைசோ துறைமுகத்தில் ஒரு நிலவறை,
பன்னிரண்டு டிகிரி குளிர்,
என் பருத்திக் கையுறை.
அந்தக் காலத்துப் படச்சுருள் அப்படித்தான்:
வெடியுப்பில் வெந்த பஞ்சும் கற்பூரமும்.
பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது.

அத்தகாமா பாலையில்
வெடியுப்பு வெட்டியவர்களை
வெடியுப்பின் மீதே பதித்திருக்கிறாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்று.
ஒரு கோவேறு கழுதை, முக்காலி,
கையால் சுழற்றும் பெட்டி.
கப்பல் கப்பலாகப் போய்
யார் வயலுக்கோ உரமாகி
யார் வீட்டின் மீதோ குண்டாகி
மிஞ்சியதில் ஒரு கிள்ளு
வெட்டியவன் முகமாகத் திரும்பி வந்திருக்கிறது.

முதல் சுருளில்
எலெயுத்தேரியோ சோக்கே பாறையை உடைக்கிறான்.
வெளிச்சம் போதவில்லை போல,
இன்னொரு முறை உடைக்கச் சொல்கிறாள்.
உடைக்கிறான்.
பிறகு நேராக நம்மைப் பார்த்து
வாயசைக்கிறான்.
அடுத்து வரும் எழுத்துப் பலகை அவள் கையெழுத்து:
‘இந்த அடிக்கு யார் கூலி தருவார்?’
சட்டகத்துக்குள் ஒரு கை நுழைகிறது, அவளுடையது.
உள்ளங்கையில் கம்பெனி வில்லை,
நடுவில் துளை,
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும்.
வேறொருவராக இருந்தால்
கத்தரிக்கோலால் அந்தக் கையை வெட்டியிருப்பார்கள்.

இரண்டாம் சுருள் பாதி தேனாகிவிட்டது.
ஒட்டுகிறது, கொப்புளிக்கிறது.
தப்பியவை: ரொட்டி வரிசை,
சாக்குக்குப் பின்னால் ஒளியும் சிறுமி,
உப்பேறிக் காய்ந்த சட்டை ஒன்று
ஆளில்லாமல் தானே நிற்பது.
அதைப் பார்த்து சத்தூர்னினா சிரிக்கிறாள்,
பல்லில் கைவைத்து.

மூன்றாவதில் சவ ஊர்வலம்.
ஓடுகிறார்கள்.
பெட்டி குலுங்க, பெண்கள் தத்தித் தத்தி,
பாதிரியார் கோழியைத் துரத்துபவர் மாதிரி.
முதல் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

பிறகுதான் சட்டகங்களை எண்ணினேன்.
இரண்டு சுருள் நெடுக
நொடிக்குப் பதினாறு, நாடி பார்த்ததுபோல.
இங்கே பன்னிரண்டு.
கல்லறை வாசலில் ஒன்பது.
கைப்பிடி மெதுவாகச் சுற்றினால்
திரையில் கால்கள் விரையும்.
அவர்கள் ஓடவில்லை.
அவள் கை ஓய்ந்திருக்கிறது.

பெட்டியின் மேல் ஒரு தொப்பி.
முதல் சுருளில் பார்த்த தொப்பி.

நூற்றாண்டுத் திரையிடலுக்கென்று
அமைச்சகத்திலிருந்து கடிதம்:
நடைவேகத்தைச் சீர்செய்து அனுப்புக.
ஒரு பொத்தான்தான்.
எல்லோரும் மரியாதையாக நடப்பார்கள்.
படிவத்தில் ‘குறைகள்’ என்ற கட்டத்தில்
‘இல்லை’ என்று எழுதி
அப்படியே அனுப்பிவிட்டேன்.
கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சுருளை மட்டும்
இந்தக் குளிர்காலத்தில்
இருபத்தேழு முறை கையால் சுற்றிப் பார்த்தேன்.
ஒவ்வொரு முறையும் இரண்டு அடி.
ஐம்பத்துநான்கு.
வில்லை ஒன்றுதான்.