மீதி ஐந்து ரூபா

அரசாங்கத்து முத்திரைகள் என்னிடம் இல்லை.
ராணி தலையும் யானையும் தேயிலைக் கொழுந்தும்
ஆரும் சேர்க்கலாம், கட்டுக் கட்டாய் விற்கிறது.
எனக்கு வேண்டியது
தபால் கந்தோர் பூட்டிக் கிடந்த நாட்களில்
சைக்கிளிலும் வள்ளத்திலும் கடிதம் கொண்டுபோனவர்கள்
தாங்களே அடித்து, தாங்களே ஒட்டி,
தாங்களே குறுக்கே கோடிழுத்த முத்திரைகள்.

சந்தியோகு கடுகதித் தபால்.
என் அல்பத்தில் பதினொன்று.
நிறம், சலவை நீலம்.
அச்சு, பாட்டாச் செருப்பின் அடியில் பிளேட்டால் செதுக்கியது
(வில்லை வைத்துப் பார்த்தால் குதிக்கால் தேய்ந்த இடம் தெரியும்).
தாள், நாற்பது பக்கக் கொப்பி, ஒற்றை றூள்.
பசை, விளாம்பிசின்.
ஓரத்துத் துளைகள்
நூல் கோக்காத தையல் மெசினில் ஓட்டியவை.
அங்குலத்துக்குப் பன்னிரண்டு. எண்ணியிருக்கிறேன்.
முதல் அச்சில் ‘கடுகதி’யின் ‘டு’ திரும்பி நிற்கும்.
இரண்டாம் அச்சில் சந்தியோகு திருத்திவிட்டார்.
திருத்தாததுக்குத்தான் விலை.
மனுசி கேட்பா:
‘பிழைக்குத்தான் உங்களிட்டை மதிப்பெண்டால்
என்னை மட்டும் ஏன் திருத்துறியள்?’

போன மார்கழி, மழை விட்ட ஒரு பின்னேரம்
கொட்டடிப் பழைய இரும்புக்கடை ஜவுபர் போனெடுத்தார்.
றலி சைக்கிள் ஒன்றை அறுத்திருக்கிறார்.
சீற்றுக்குக் கீழே, குழாய்க்குள்,
சுருட்டுப் போல ஆறு கடிதங்கள்.
ஐந்தைத் துரு தின்றுவிட்டது.
ஆறாவது பொலித்தீன் சுற்றி, மெழுகு வைத்து,
நேற்று ஒட்டினதுபோல.

முதல் அச்சு. திரும்பின ‘டு’.
பிரிக்காத உறை.
மூலையில் சிவப்புப் பேனா:
மீதி ரூ. 5 பெறுபவரிடம்.

படம் அனுப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை,
சூரிச்சில் இருந்து ஆனந்தராசா:
‘பிரிச்சுப்போடாதை. பிரிக்காட்டில் இரண்டரை இலட்சம்.’
இரவு மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
உள்ளே ஒரு தாள், மூன்று மடிப்பு.
எழுத்துகள் முதுகு காட்டிப் படுத்திருந்தன.

நான் கொடுக்கப் போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.
பெறுபவர் ஆரென்று தெரிந்தால்
விபரக்குறிப்பு நிறையும், விலையும் ஏறும் என்றுதான்
உறையைப் பிளாஸ்ரிக் மட்டைக்குள் வைத்துக்கொண்டு
நாயன்மார்கட்டுக்குப் போனேன்.

கதவு திறந்தவவின் கையில் மீன் செதில்.
‘ஓம், செல்வி நகுலாம்பிகை நான்தான்.
இப்ப செல்வியும் இல்லை, திருமதியும் இல்லை. தாங்கோ.’
மட்டையை உருவிப் போட்டா.
சிவப்புப் பேனாவை வாசித்தா.
உள்ளே போனா. அலுமாரி திறக்கிற சத்தம்.
வந்து என் உள்ளங்கையில்
ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை வைத்தா. ஈரம்.
‘கணக்கு முடிஞ்சுது. இனி இது என்ரை.’

அக்கா, கத்தரிக்கோல், ஆவி, மெல்ல
என்று நான் வாயெடுக்க முன்னம்
பெருவிரல் மூலைக்குள் போய்விட்டது.
‘டு’வுக்கு நடுவாலை கிழிந்தது.
இரண்டரை இலட்சம் கிழிகிற சத்தம்
சாதாரணக் கடதாசிச் சத்தம்தான்.

நின்றபடியே வாசித்தா.
பேந்து மூக்கால் சிரித்தா.
‘என்ன அனுப்ப எண்டு கேட்டிருக்கிறான்.
சவுக்காரமோ, பற்றரியோ.
செருப்பு அளவும் கேட்டிருக்கிறான்.
பதில் வராட்டில் ஏழாம் அளவு வாங்குவனாம்.’
படலைப் பக்கம் பார்த்தா.
‘ஏழோ? எனக்கு ஐஞ்சு’ என்றா, எனக்கில்லை.

பொக்கற்றுக்குள் சூரிச் அதிர்ந்தது. எடுக்கவில்லை.
கிழிந்த உறையைக் கேட்கலாமா என்று நான் தயங்க
அவ அதை இடுப்பில் செருகினா.
‘இதிலை அவன்ரை வவுனியா விலாசம் கிடக்கு.
பதில் கொண்டுபோக எவ்வளவு எடுப்பியள்?’

என் அல்பத்தில் பதினொன்று இருக்கின்றன.
ஒன்றிலும் பசை இல்லை.