மணிக்கட்டின் வயது

புகைப்புரையில் பதினொரு ரப்பர் ஷீட்.
"அதும் காயாத ஷீட்டு, சாரே" என்கிறான்,
விலை குறையும் என்ற வாதத்தை
எனக்கே எடுத்துக் கொடுத்து.

குலசேகரம் ஸ்டேஷன் தாளில் வயது பத்தொன்பது.
மீசையைப் பார்த்து எழுதியது.
பள்ளிக்கூடப் பதிவேடு ஓகி மழையில் நனைந்து
ஒரே கட்டியாய்க் கிடக்கிறது.
ஆசாரிப்பள்ளத்தில் மணிக்கட்டைப் படம்பிடித்தார்கள்.
பதினேழு, அல்லது பத்தொன்பது.
எலும்புக்கும் நிச்சயமில்லை.

கடைசியில் கோயில் அலமாரியில்,
பாச்சை உருண்டை வாசனைக்குள்,
இறந்துபோன ஒரு சாமியாரின் சாய்ந்த கையெழுத்து:
ஆன்றோ சுபின். பிறப்பு மே எட்டு.
ஞானஸ்நானம் இருபது.
விரல்விட்டு எண்ணினேன், இரண்டு முறை.
களவு நடந்த அன்று
பதினாறு வருடம், நான்கு மாதம்.

அதற்குள் நாகர்கோவில் ஜெயிலில்
பெரியவர்களோடு நாற்பத்து மூன்று இரவு.
அதைக் கழிக்க எந்த மனுவிலும் கட்டம் இல்லை.

சிறார் வாரியத்தில் கூண்டு கிடையாது.
"எங்க நிக்கணும்?"
உட்காரச் சொன்னார்கள்.
நாற்காலி நுனியில் இருந்துகொண்டு
என் பையின் சின்னப் பூட்டையே பார்த்தான்.
"சாவி இல்லாம துறப்பேன், சாரே.
உள்ள படிச்சது."