ஒன்பதேகால் மைல்

பிறந்த இடம் என்ற கட்டத்தில்
பழைய பதிவேடு சொல்கிறது:
ஒன்பதேகால் மைல், மரவண்டிப் பாதை.
மசி பழுத்திருக்கிறது. கையெழுத்தில் தயக்கமில்லை.
கணினியில் பங்குளம் உண்டு, கன்னியா உண்டு.
முதிரைவாடி என்று தட்டினால்
மன்னிக்கவும் என்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
காளியப்பு கனகநாயகி, வயது எழுபது.
"நாலாவது தரம் வாறன், தம்பி."

நானும் தேடாமலில்லை.
எலி மிச்சம் விட்ட பேரேடு ஒன்று கிடைத்தது.
முதிரை, இத்தனை கன அடி.
பாலை, சிலிப்பர்க்கட்டை இத்தனை.
கருங்காலிக்குத் தனித்தாள்.
வாள் தீட்டும் மலையாளத்துக் குஞ்ஞம்பு, நாளுக்கு ஒரு ரூபாய்.
உதுமாலெவ்வை, இடக்கை, இரண்டு விரல்:
ஐந்து ரூபாய்.
பெற்றுக்கொண்டதற்கு வலக்கைப் பெருவிரல் அடையாளம்.

ரெயில் என்றால் பெரிய ரெயில் இல்லை.
இரண்டடி அகலத் தண்டவாளம்,
தகரம் போர்த்திய எஞ்சின் ஒன்று,
பக்கப்பலகை இல்லாத ஆறு பெட்டி.
காட்டிலிருந்து கடல்வரை இறக்கம்.
பாரத்தோடு இறங்கும்,
அரிசியும் மண்ணெண்ணெயும் சம்பளப் பெட்டியுமாய்
லேசாக ஏறும்.

நாற்பத்திரண்டு ஏப்ரலில்
துறைமுகத்தில் குண்டு விழுந்த காலை
அது பாரத்தோடு ஏறியது.
மரம் கட்டும் சங்கிலியில் சனம் தொங்கியது.
தராசை விடாத கடைக்காரர்,
தையல் மெசினை மடியில் வைத்த பெண்,
யாருடையதென்று தெரியாத ஆடு.
எஞ்சின் இருமி இருமி நிற்க
ஆம்பிளைகள் குதித்துத் தள்ளினார்கள்.
ஒன்பதேகாலில் தண்ணீர் பிடிக்க நின்றபோது
மரத்தூள் விரித்த நாலாம் பெட்டியில்
கனகநாயகி பிறந்தா.
கொடி அறுத்தது குஞ்ஞம்பு தீட்டிய வாள்துண்டாம்.
பதிவுகாரர் அதை எழுதவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருசத்தில் காடு முடிந்தது.
ஆலை கழன்று தன் வண்டியிலேயே ஏறிக்கொண்டது.
வண்டி இறங்க இறங்க
பின்னால் ஆட்கள் தண்டவாளத்தைப் பிடுங்கி
அதன் முதுகிலேயே அடுக்கினார்கள்.
வந்த வழியைத் தின்றபடி
கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.
இறுகிப்போய் விட்டுவந்த ஏழெட்டுத் துண்டை
பிற்பாடு யுத்தம் எடுத்தது,
பதுங்குகுழிக்கு மேலே குறுக்கே போட.
யாருடைய பதுங்குகுழி?
நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை.

"கிராம சேவையாளர் பிரிவு இலக்கம் வேணும், அம்மா."
"போன மரத்துக்குக் கணக்கிருக்கு,
வந்த எனக்கு இல்லையோ?"
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
"திருகோணமலை என்று போட்டு விடட்டா?"
"அங்கயிருந்து ஓடேக்கதானே பிறந்தனான்!"

பக்கத்துப் பிரிவின் இலக்கத்தைக் கடன் வாங்கினேன்.
மீதியைக் குறிப்பு என்ற கட்டத்தில் அடித்தேன்.
பதினேழு எழுத்தோடு அது அடைத்துக்கொண்டது:

ஒன்பதேகால் மைல் மரவண்டிப் பா

அச்சடித்த தாளைத் தூரப் பிடித்து வாசித்தா.
அழிக்கவா என்றேன்.
"விடுங்கோ," என்றா,
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே,
"அதிலதானே நிண்டது."