நின்று குடித்தால்

பிப்ரவரியில், ரீகாவில், சமையலறை மேசையில்
கோடு போட்டது நான்தான்.
ட்ராம் பணிமனையில் இருபத்தாறு வருடம்
அடுத்தவர் கணக்கை எழுதிய கை.
ட்ரியெஸ்தேவில் நான்கு நாள்.
நாளொன்றுக்கு, இருவருக்கு, அறை வாடகை போக
ஐம்பத்தெட்டு யூரோ.

பேருந்துக்கு இவ்வளவு.
ரொட்டி, பாலாடைக்கட்டி, கடையில் வாங்கி அறையில் தின்ன இவ்வளவு.
மதியம் சூடாக ஏதாவது ஒன்று,
இரவுக்கு மதியத்தின் மிச்சம்.
மாதத்தின் முதல் ஞாயிறு கோட்டைக்குள் இலவசம்;
அதற்காகவே ஞாயிறு காலை போய் இறங்குவது.
காப்பி இரண்டு வேளை.
கடைசியில் ‘இதர’ என்று ஒரு கட்டம்,
அதில் இரண்டு யூரோ,
பிச்சைக்கும் கழிப்பறைக்கும் பொதுவாக.

உல்திஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
“மூச்சு விட எவ்வளவு?”
“முதல் நாள் இலவசம்” என்றேன்.

அந்த ஊரில் காப்பிக்கு இரண்டு விலை.
கல்மேடையில் சாய்ந்து நின்று குடித்தால் ஒன்று நாற்பது.
உட்கார்ந்தால் மூன்று எண்பது.
அதே கோப்பை, அதே கசப்பு,
வித்தியாசம் நாற்காலிக்கு.
நின்றோம்.
ஞாயிறு நின்றோம், திங்கள் நின்றோம்,
துறைமுகத்துப் பையன்கள் இரண்டு மிடறில் முடித்து ஓட
நாங்களும் உள்ளூர்க்காரர் மாதிரி.
ஒரு நாளில் மிச்சம் ஒன்பது அறுபது.
கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதிவைத்தேன்.

செவ்வாய் மலையிலிருந்து போரா இறங்கியது.
யாருடைய குடையோ எலும்பு மட்டுமாய்
எங்களைத் தாண்டிப் போனது.
காற்றுதான் எங்களைக் கடைக்குள் தள்ளியது.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்று நாளாக எங்களுக்கு ஊற்றிய நீவெஸ்
காசைப் பார்க்கவில்லை.
அவன் காலைப் பார்த்தாள்.
பிறகுதான் நானும்.
வலது காலை ஊன்றாமல்
நாரை மாதிரி நிற்கிறான்.

“முழங்கால், கொஞ்சம்.
அதற்குக் கட்டம் இல்லையே.”
கேலியாகத்தான் சொன்னான்.

அவள் நாற்காலியை இழுத்த சத்தம்
காற்றையும் மீறிக் கேட்டது.

உட்கார்ந்தோம். ஒன்றே கால் மணி நேரம்.
இன்னொரு காப்பி. பிறகு ஆப்பிள் வைத்துச் சுருட்டிய எதுவோ.
ஜன்னலில் கடல் எழுந்து எழுந்து விழுந்தது.
மூன்றாவது நாற்காலியில் அவன் காலை நீட்டினான்.
“அதற்கும் காசா?” என்று சைகையில் கேட்டேன்.
ஈ ஓட்டுவது போலக் கையை வீசினாள் நீவெஸ்.

இரவு நோட்டைத் திறந்தேன்.
காப்பி பதினைந்து இருபது, சுருள் ஐந்து.
‘காப்பி’ என்று எழுத மனம் வரவில்லை,
‘இதர’வில் இடம் போதவில்லை.
புதிதாக ஒரு கோடு போட்டு
‘உட்கார்ந்தது’ என்று பெயர் வைத்தேன்.
புதன்கிழமையின் சூடான மதியத்தை
அடித்துவிட்டேன்.

அவன் தூங்கிவிட்டான்.
ரீகாவில் எங்கள் வீடு நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
தினமும் இரண்டாம் மாடியிலேயே நின்று
அவன் தபாலைப் பிரித்துப் படிப்பான்.
அவசரக்காரன் என்று நினைத்திருந்தேன்.